வல்லத்துப் பையனுக்கு யார் சொன்னாங்க? எஸ். எஸ். பிள்ளையும் கணக்கு மாணவர்களின் வாய்ப்புகளும்

இது எபிசோடோட எடிட் பண்ணின எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவையையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெட்டியிருக்கேன். மத்தபடி பேசினது பேசின மாதிரிதான்.

சென்னையில் இருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருதுநகர் தாண்டி சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று ஒவ்வொரு ஊராக நின்று, கடைசியில் செங்கோட்டையில் போய் முடியும். இந்த ஊர்கள் எதிலாவது பி.எஸ்ஸி. மேத்ஸ் படிக்கிற ஒரு பிள்ளையிடம் பேச்சு கொடுத்துப் பாருங்க. பக்கத்துல இருக்கிற பெரியவர் யாராவது கண்டிப்பா ஒரு கேள்வி கேட்பார்: "அப்புறம் பி.எட். தானே?"

பி.எட். நல்ல படிப்பு. டீச்சர் வேலை மரியாதையான வேலை. அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அந்தக் கேள்வி கேட்கப்படுற விதத்தைக் கவனிங்க. வேற பாதையே கிடையாதுங்கிற மாதிரி இருக்கும். உண்மையில் பாதைகள் இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேலா, ஒவ்வொண்ணா, யாராவது ஒருத்தர் வெட்டிக் கொடுத்த பாதைகள். அந்த வரலாறுதான் இன்னைக்கு. அதைச் சொல்ல இந்த ரயில் பாதையோட கடைசிப் பக்கத்துல இருந்தே ஒரு ஆள் கிடைக்கிறார்.

வல்லம், 1901

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்தில் எஸ். எஸ். பிள்ளை. குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் பக்கத்தில் உள்ள வல்லம் கிராமத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். ராஜபாளையத்தில் இருந்து சுமார் அறுபது எழுபது கிலோமீட்டர். 1910 வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, ராஜபாளையம் அந்த வட்டத்துக்குள்ளே. அப்புறம்தான் ராமநாதபுரம் மாவட்டம், 1985-ல் விருதுநகர் மாவட்டம். அதனால் விருதுநகர்க்காரங்க பிள்ளையை "நம்ம பக்கத்து ஆள்" என்று சொல்லிக்கொள்ள முழு உரிமை உண்டு.

பிறந்து ஒரு வருடத்தில் அம்மா இறந்துவிட்டார். உறவுக்காரப் பெரியவர் ஒருவர்தான் வளர்த்தார். செங்கோட்டைப் பள்ளியில் படிக்கும்போது சாஸ்திரியார் என்ற ஆசிரியருக்கு இந்தப் பையன் வேற மாதிரி என்று தெரிகிறது. பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் அப்பாவும் போய்விடுகிறார். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சாஸ்திரியார் பணம் கொடுத்துத் தொடர்ந்து படிக்க வைத்தார்.

நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் உலகத்துல "சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயில்யர்" என்று ஒண்ணு சொல்வோம். முழு சிஸ்டமும் ஒரே ஒரு பாகத்தை நம்பி ஓடும். அது விழுந்தா எல்லாம் விழும். பிள்ளையோட வாழ்க்கையில் அந்த இடத்தில் இருந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அந்த வருடம் வேற ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தால், இந்த எபிசோடே இல்லை.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிள்ளை இன்டர்மீடியட் படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில், பி.ஏ. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில். அதுக்கு அப்புறம்? அந்தக் காலத்தில் டிகிரி வாங்கிய பையன் முன்னால் இருந்தது கிளார்க் வேலை, பள்ளிக்கூட வேலை, இல்லைன்னா சட்டப் படிப்பு. கணக்கைப் பற்றி யோசிப்பதற்குச் சம்பளம் என்பது கேள்விப்படாத விஷயம்.

ஆனா சென்னையில் ஒரு கதவு திறந்திருந்தது. அதைத் திறந்துவிட்டது யார் என்று பார்க்க கொஞ்சம் பின்னால் போவோம்.

மாதம் 75 ரூபாய்

1907. வி. ராமசாமி அய்யர் என்ற டெபுட்டி கலெக்டர். வேலை ரெவின்யூ டிபார்ட்மென்ட், மனசு கணக்கில். ஊர் ஊராகப் போஸ்டிங் போகிற ஆளுக்குப் புதிய கணித இதழ்கள் எங்கே கிடைக்கும்? தன்னை மாதிரி ஆர்வம் உள்ளவர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் பின்னால் இந்தியக் கணிதக் கழகம் ஆனது. சந்தா சேர்த்து வெளிநாட்டுப் புத்தகங்களும் இதழ்களும் வாங்குவார்கள். நூலகம் புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில். உறுப்பினர்களுக்குத் தபாலில் புத்தகம் வரும். 1909 முதல் சொந்தமாக ஒரு இதழ். அதில் கேள்வி-பதில் பகுதி உண்டு. யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம், யார் வேண்டுமானாலும் விடை அனுப்பலாம். டிகிரி கேட்க மாட்டார்கள்.

காலேஜை முடிக்காத ஒரு கும்பகோணத்துப் பையன் இந்தப் பகுதியில்தான் முதலில் பெயர் எடுத்தான். ராமானுஜன். அவர் திருக்கோவிலூருக்குப் போய் ராமசாமி அய்யரிடம் கேட்டது ஒரு கிளார்க் வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அய்யர், இந்த ஆளை தாலுகா ஆபீஸ் மேசையில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்து, சென்னையில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பி வைத்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை, ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ். ஆனா கேம்பிரிட்ஜுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தைச் சினிமாவும் பேச்சுப் போட்டியும் வேகமாகத் தாண்டிப் போய்விடும். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஆபீஸ் போக வேண்டாம், வகுப்பு எடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தாய் என்று ரிப்போர்ட் கொடுத்தால் போதும். ஆமா, நம்ம ஐ.டி. கம்பெனி குவார்ட்டர்லி ரிவ்யூ மாதிரியேதான்!

இதோட அர்த்தம் பெரிசு. கணக்கு யோசிக்கிறது ஒரு வேலை, அதுக்கு நேரம் வேணும், நேரத்துக்குப் பணம் வேணும் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. பதினாலு வருடம் கழித்து, 1927-ல், அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகையில் வந்து சேர்ந்தவர்தான் நம்ம வல்லத்துப் பிள்ளை. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் கே. ஆனந்த ராவ், கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்துவிட்டு வந்தவர். ராமானுஜன் அங்கே இருந்த அதே காலத்தில் அவரும் அங்கே இருந்தார்.

சங்கிலி தெரியுதா? ஒரு டெபுட்டி கலெக்டரின் கடிதங்கள், ஒரு இதழின் கேள்விப் பகுதி, ஒரு உதவித்தொகை, ஒரு வாத்தியாரின் பணம். எதுவும் தனியாகப் பார்த்தால் பிரம்மாண்டம் இல்லை.

703-க்கு 73 வேணும்

பிள்ளை 1929-ல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் அங்கே. அவருடைய பெரிய வேலை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. என்ன வேலை என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

7 என்ற எண்ணை வர்க்க எண்களின் கூட்டலா எழுதுங்க. 4+1+1+1. நாலு வர்க்கம் தேவைப்படுது. எந்த எண்ணை எடுத்தாலும் நாலு வர்க்கத்துக்கு மேல் தேவைப்படாது. இதை லக்ராஞ்ச் 1770-ல் நிரூபித்தார். வர்க்கத்துக்குப் பதில் கனம், அதாவது 1, 8, 27? 23-ஐ எழுத இரண்டு 8, ஏழு 1, மொத்தம் ஒன்பது. கனங்களுக்கு ஒன்பது எப்போதும் போதும். சரி, நாலாம் அடுக்கு? ஐந்தாம் அடுக்கு? ஆறாம் அடுக்கு? ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் எத்தனை தேவைப்படும்? எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் கிளப்பிவிட்ட கேள்வி இது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஏதோ ஒரு எண்ணிக்கை போதும் என்று ஹில்பர்ட் 1909-ல் நிரூபித்தார். அது சரியா எவ்வளவு என்பதுதான் மீதி.

ஆறாம் அடுக்கை எடுங்க. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போ 703. இது 729-ஐ விடச் சின்னது, அதனால் 64-ம் 1-ம் மட்டும்தான் கையில் இருக்கு. பத்து 64 எடுத்தால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூணு 1. ஆக 73. எந்த எண்ணுக்கும் இந்த 73-க்கு மேல் தேவைப்படவே படாது என்று 1940-ல் நிரூபித்தார் பிள்ளை. அதற்கு முன்பே, 1930-களின் நடுவில், பெரிய அடுக்குகளுக்கான பொதுவான விடையையும் கண்டுபிடித்திருந்தார். அதே நேரத்தில் அமெரிக்காவில் டிக்சன் தனியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒருவர் சிகாகோவில், ஒருவர் சிதம்பரத்தில். இன்டர்நெட் இல்லை, ஒருவர் செய்வது மற்றவருக்கு உடனே தெரிய வழியில்லை.

ஐந்தாம் அடுக்கை (விடை 37) 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். கடைசி வரை பிடிவாதம் பிடித்தது நாலாம் அடுக்கு. விடை 19. அதை 1986-ல் முடித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின், அதாவது மேட்சயின்ஸின், இயக்குநராக இருந்தவர்.

கோடிங் தெரிந்தவங்களுக்கு இன்னொன்று. அடுத்தடுத்து வரும் 16 எண்களையோ அதற்குக் குறைவாகவோ எங்கே எடுத்தாலும், அதில் ஒரு எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் பொது வகுத்தி இல்லாமல் தனியாக நிற்கும். பிள்ளை நிரூபித்தது. 17 எண்கள் ஆனால் இது உடைந்துவிடும்: 2184-ல் இருந்து 2200 வரை எடுத்துப் பாருங்க. பைத்தானில் பத்து வரி கூட வராது. அவர் கையால் செய்தார்.

கெய்ரோ

1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1942-ல் கல்கத்தா பல்கலைக்கழகம். எட்டு வருடம் கழித்து அழைப்பு வருகிறது. பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில், ஐன்ஸ்டீன் இருந்த இடத்தில், ஒரு வருடம். அதோடு ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாடு. நாலு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது, போரால் 1936-க்குப் பிறகு நடக்காமல் இருந்தது. ஆகஸ்ட் 30-ல் தொடக்கம்.

1950 ஆகஸ்ட் 31. பம்பாயில் இருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவில் இருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என்ஜினில் தீப்பிடித்து பாலைவனத்தில் விழுந்தது. 55 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளை அதில் இருந்தார். வயது 49.

இதைச் சும்மா சோகக் கதையாக விட எனக்கு மனசில்லை. அவர் விட்டுப்போன ஒரு கேள்வி இன்னும் உயிரோடு இருக்கு. 8-ம் 9-ம் பாருங்க. ஒன்று கனம், இன்னொன்று வர்க்கம், வித்தியாசம் 1. இப்படி வித்தியாசம் 1 உள்ள அடுக்கு எண்கள் வேறு கிடையாது என்று 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். பிள்ளை கேட்டது அதை விடப் பெரியது: வித்தியாசம் 1 மட்டும் இல்லை, எந்த எண்ணாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஜோடிகள் எண்ணி முடிக்கிற அளவுக்குத்தான் இருக்கும் என்றார். இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை. பிள்ளையின் அனுமானம் என்றே பெயர்.

2010-ல் அவருடைய ஆய்வுகள் முழுத் தொகுப்பாக இரண்டு தொகுதிகளில் வந்தன. அதே 2010 ஆகஸ்டில், அவர் போய்ச் சேராத அந்த மாநாடு ஹைதராபாத்தில் நடந்தது. இந்தியாவில் முதல் முறை.

ஆளில் இருந்து அமைப்புக்கு

சாஸ்திரியார் மாதிரி ஒரு ஆள் அமைவது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு நாடு கணித ஆய்வாளர்களை உருவாக்க முடியாது. பிள்ளைக்குப் பின் நடந்த வரலாறு, அந்த வேலையை ஒரு ஆளிடம் இருந்து ஒரு அமைப்புக்கு மாற்றிய வரலாறு.

1950 வாக்கில் அழகப்பச் செட்டியார் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார். 1957-ல் அவர் இறந்ததும் நிறுவனம் பணமில்லாமல் தடுமாறியது. வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் நேருவுக்குக் கடிதம் எழுத, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்து பிழைத்தது. இன்னொரு பக்கம் லயோலா கல்லூரியில் ஃபாதர் ராசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பிரான்ஸில் நடக்கும் புதிய கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டி, கெட்டிக்காரர்களை பம்பாய் டாட்டா நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். 1953-ல் அப்படிப் போனவர்கள் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும். 1965-ல் இருவரும் சேர்ந்து நிரூபித்த தேற்றம் இன்றும் உலகம் முழுக்கப் பாடமாக நடக்கிறது. அந்த சேஷாத்ரிதான் பின்னால் சென்னைக் கணிதக் கழகத்தை, சி.எம்.ஐ.-யை, உருவாக்கினார். மேட்சயின்ஸ் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணனால் தொடங்கப்பட்டது. 1983-ல் அணுசக்தித் துறை உயர் கணிதத்துக்கென்றே என்.பி.எச்.எம். என்ற தேசிய வாரியம் அமைத்தது.

இதெல்லாம் சென்னை, பம்பாய். சின்ன ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கு நேரடியாக வந்த கதவு 1993-ல் திறந்தது. எஸ். குமரேசன் என்ற பேராசிரியர் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாம். என்.பி.எச்.எம். பணம். இளங்கலை நடுவில் இருந்து முதுகலை வரை வெவ்வேறு நிலைகள், நாலு வாரம் தங்கிப் படிப்பது. அங்கே ஆசிரியர் போர்டில் எழுத, நீங்க நோட்டில் எழுதுவது கிடையாது. "ஏன்? எப்படித் தெரியும்? ஒரு உதாரணம் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மனப்பாடம் பண்ணி 95 மார்க் வாங்கின பிள்ளைக்கு முதல் வாரம் கஷ்டமா இருக்கும். அதுக்காகத்தான் அந்த முகாமே.

கடைசி அறுபது கிலோமீட்டர்

இப்போ திரும்பவும் நம்ம ரயில் பாதைக்கு வருவோம். ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973-ல் இருந்து இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். பையன்களும் பெண்களுமா மேத்ஸ் படிக்கிறாங்க. ஸ்பின்னிங் மில் ஷிஃப்டுக்குப் போகிற அப்பா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிற அம்மா. வீட்டில் முதல் டிகிரி.

வீட்டில் வரும் தடை திறமை பற்றியது இல்லை. "நாலு வாரம் வெளியூரா? தெரிஞ்சவங்க யார் இருக்காங்க? எவ்ளோ செலவாகும்?" நியாயமான கேள்விகள். "தேர்வு பண்ணி எடுக்கிறாங்கம்மா, தங்குற இடமும் சாப்பாடும் அவங்களே பாத்துக்கிறாங்க" என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதித் தடை போய்விடும். நம்ம துறையில் இதை "லாஸ்ட் மைல்" என்போம். கேபிள் தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள கனெக்‌ஷன் கொடுக்க ஆள் இல்லை.

அதனால் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன், பாஸ் பண்ணி எழுதிக்கோங்க:

ஒன்று, எம்.டி.டி.எஸ். முகாம். நடப்பது கோடையில், ஆனா விண்ணப்பம் பல மாதம் முன்னாடியே முடிஞ்சிடும்.

இரண்டு, மாதவா கணிதப் போட்டி. இளங்கலை மாணவர்களுக்கானது, பெரும்பாலும் ஜனவரியில். ஜெயிச்சாலும் தோத்தாலும் வினாத்தாளே ஒரு நல்ல பாடம்.

மூன்று, அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகை. ஒரு பேராசிரியரிடம் இரண்டு மாதம் நேரடியாக வேலை பார்க்கலாம்.

நான்கு, முதுகலைக்கான ஜாம் தேர்வு, சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வு, ஐ.எஸ்.ஐ. நுழைவுத் தேர்வு. அதோடு என்.பி.எச்.எம். உதவித்தொகைகள்.

தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கோங்க. ஒரு பொது விதி மட்டும் சொல்றேன்: கோடையில் நடக்கிற எதையும் கோடையில் தேடினால் லேட்.

கல்லூரிகளில் டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம் என்று கொண்டாடுவாங்க. வினாடி வினா, கோலப் போட்டி, குரூப் போட்டோ. கொண்டாடட்டும், தப்பே இல்ல. கூடவே அன்னைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன பட்டியலை அந்த வருடத் தேதியோட போர்டில் எழுதி, "யாருக்கு ஃபார்ம் நிரப்ப உதவி வேணும்?" என்று ஒரு ஆசிரியர் கேட்டால் போதும். ராமானுஜனுக்கு அதை விடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோணல. அவருக்கும் கிடைத்தது அதுதானே, நோட்டைப் புரட்டிப் பார்த்து, அடுத்து யாரிடம் போகணும் என்று சொன்ன ஒரு ஆள்.

இதைக் கேட்கிற உங்களில் பாதிப் பேர் பெங்களூர்லயோ சென்னையிலயோ இருப்பீங்க. சித்தி பொண்ணு, பக்கத்து வீட்டுத் தம்பி, பழைய ஸ்கூல் ஜூனியர் என்று ஊரில் யாராவது ஒருத்தர் பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சிட்டு இருப்பாங்க. சாஸ்திரியார் மாதிரி ஃபீஸ் கட்டணும்னு சொல்லல. ஒரு போன் பண்ணுங்க. ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம், போன். "இதுக்கு அப்ளை பண்ணியா?" என்று கேளுங்க. இல்லைன்னு சொன்னா, கூட உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புங்க. அம்மாகிட்ட பேசணும்னா பேசுங்க.

2184 கணக்கைப் போட்டுப் பார்த்தவங்க, எந்த எண்ணை மடக்க ரொம்ப நேரம் ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. 2189 என்பது என்னோட ஓட்டு. அதுக்குக் கூட்டாளி எங்க இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.